இரண்டடிக்குக் கீழே என்ன இருக்கிறது? வெப் சாயில் சர்வே: ஒரு மதிப்புரை

அமெரிக்காவில் வீடு பார்க்கும்போது என்னென்னவோ விசாரிக்கிறோம். பள்ளிக்கூடம் எப்படி, சொத்து வரி எவ்வளவு, கூரை போட்டு எத்தனை வருஷம் ஆகிறது, பேஸ்மென்டில் ஈரம் உண்டா என்று ஒன்று விடாமல் கேட்கிறோம். மண்ணைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. டெக் (வீட்டை ஒட்டிய மரத்தளம்) போடக் குழி தோண்டும்போதோ, ஆசையாக நட்ட ஆப்பிள் கன்று காரணம் தெரியாமல் பட்டுப்போகும்போதோதான் அந்தக் கேள்வி வருகிறது. அதற்குள் பத்திரம் பதிவாகி வருஷம் ஓடியிருக்கும்.

அந்தக் கேள்விக்குப் பதில் ஓர் அரசாங்க இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பெயர் வெப் சாயில் சர்வே. அமெரிக்க வேளாண் துறையின் கீழ் இருக்கும் என்.ஆர்.சி.எஸ். (இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை) என்ற அமைப்பு 2005 முதல் நடத்துகிறது. 1899-ல் தொடங்கிய தேசிய மண் ஆய்வு நூறாண்டுக்கு மேல் ஊர் ஊராக நடந்து, குழி வெட்டி, நிறம் பார்த்து, கையில் உருட்டிச் சேர்த்த விவரம் அத்தனையும் இதில் இருக்கிறது. பதிவு செய்ய வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். நான் மாசசூசெட்ஸில், வூஸ்டருக்குப் பக்கத்தில், காட்டை ஒட்டிய அரை ஏக்கர் மனையில் குடியிருக்கிறேன். இந்த மண்ணுக்கு இந்தத் தளம் எவ்வளவு உதவும், எங்கே உதவாது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பயன்படுத்தும் முறை எளிது. பச்சைப் பொத்தானை அழுத்தி உள்ளே போய், முகவரியைக் கொடுத்தால் வான்வழிப் படம் வரும். உங்கள் மனையைச் சுற்றி ஒரு கட்டம் வரைய வேண்டும். பிறகு ‘சாயில் மேப்’ என்ற தாவலைத் தட்டினால் படத்தின்மேல் ஆரஞ்சு நிறக் கோடுகள் ஓடும். ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். இடப்பக்கப் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே இருக்கும் பெயரைத் தட்டினால் ஒரு சின்ன அறிக்கை திறக்கும். பெரும்பாலானவர்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். உண்மையான சரக்கு அந்தச் சின்ன அறிக்கையில்தான்.

எங்கள் மனைக்கு வந்தது 305பி. அதாவது பாக்ஸ்டன் வகை மண், நுண்மணல் கலந்த வண்டல், 3 முதல் 8 சதவீதச் சரிவு. கீழ்க்கோடி மூலையில் மட்டும் 310பி, வுட்பிரிட்ஜ் வகை. பாக்ஸ்டன் என்பது வூஸ்டர் மாவட்டத்தில் இருக்கும் ஒரு சிற்றூர். அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய இந்த மண்தான் மாசசூசெட்ஸின் அதிகாரபூர்வ மாநில மண். மாநிலப் பறவை, மாநிலப் பூ போல மண்ணுக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

அறிக்கையில் நான் முதலில் பார்க்கச் சொல்வது ‘ரெஸ்ட்ரிக்டிவ் ஃபீச்சர்’ என்ற வரி. வேரையும் நீரையும் தடுக்கும் அடுக்கு எவ்வளவு ஆழத்தில் என்று அது சொல்லும். பாக்ஸ்டனுக்கு 18 முதல் 39 அங்குலத்தில் ‘டென்சிக் மெட்டீரியல்’, அதாவது இறுகிய அடுக்கு, என்று இருக்கும். அடுத்து, அந்த இறுகிய அடுக்கில் நீர் இறங்கும் வேகம்: மணிக்கு 0.00 முதல் 0.14 அங்குலம். நன்றாக இறங்கும் இடத்தில்கூட ஒரு மணி நேரத்துக்கு மூன்றரை மில்லிமீட்டர்தான். மூன்றாவது, நீர்மட்டம்: சுமார் 18 முதல் 37 அங்குலத்தில். இந்த மூன்று வரியையும் சேர்த்துப் படித்தால் உங்கள் தோட்டம், பேஸ்மென்ட், கழிவுநீர்த் தொட்டி, டெக் எல்லாவற்றின் எதிர்காலமும் தெரிந்துவிடும். இதே அறிக்கையில் ‘நன்கு வடியும் மண்’ என்றும் ஒரு வரி இருக்கும். அதை மட்டும் படித்துவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது. மேல் இரண்டடி நன்றாகவே வடியும். வடிந்த நீர் எங்கே போய் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

இந்த இறுக்கம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதி முழுவதும் லாரன்டைடு என்ற கண்டப் பனியாற்றுக்கு அடியில் கிடந்தது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் தடிமனுள்ள பனி. அது வடக்கிலிருந்து நகர்ந்து வரும்போது கிரானைட், நைஸ், சிஸ்ட் பாறைகளைப் பெயர்த்து, அரைத்து, கல்லும் மணலும் மாவுமாகத் தன் அடியில் அப்பிக்கொண்டே போனது. ஆற்று வண்டல்போல கல் தனி, மணல் தனி என்று இதில் பிரியவில்லை. எல்லா அளவுத் துண்டும் ஒன்றின் இடுக்கில் ஒன்றாகச் செருகிக் கிடக்க, மேலே அத்தனை பனியின் எடையும் ஏறி அழுத்தியிருக்கிறது. பனி உருகியபோது உள்ளிருந்து உதிர்ந்ததும், பின்னர் உறைபனியும் வேரும் இளக்கியதும் சேர்ந்துதான் மேல் இரண்டடி. அதற்குக் கீழே அந்தப் பழைய அழுத்தம் அப்படியே இருக்கிறது. பனி நகர்ந்த திசையில் நீண்டு கிடக்கும் முட்டை வடிவக் குன்றுகளை டிரம்லின் என்பார்கள். பாஸ்டன் துறைமுகத் தீவுகளில் பல டிரம்லின்கள்தான். எங்கள் தெருவும் ஒன்றின் முதுகில்தான் இருக்கிறது.

வரைபடம் சொல்வது சரிதானா என்று தோண்டிப் பார்க்க எங்களுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. டெக்குக்கு அஸ்திவாரக் குழி வேண்டும். இங்கே உறைபனி மண்ணைத் தூக்கிவிடும் என்பதால் கட்டட விதிப்படி நாலடி ஆழம் போக வேண்டும். அதாவது 48 அங்குலம். பாக்ஸ்டனின் மாதிரிக் குழி விவரம் தனியாக ஒரு பக்கத்தில் கிடைக்கிறது. அதில் முதல் 8 அங்குலம் அடர்பழுப்பு உழவு மண். 15 வரை மஞ்சள் கலந்த பழுப்பு. 26 வரை ஆலிவ் சாயல். 26-லிருந்து 65 வரை இறுகிய அடுக்கு. அப்படியானால் குழியில் கிட்டத்தட்ட பாதி அந்த அடுக்குக்குள்தான். தோண்டும் முன் 811-க்குப் போன் செய்து, எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று குறித்துக் கொடுக்கச் சொன்னோம். அது சட்டம், எல்லோரும் செய்ய வேண்டியது.

அந்தச் சமயம் என் கணவரின் சித்தப்பா திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்தார். கிணறு வெட்டுவதை வாழ்நாளெல்லாம் பார்த்தவர். ஆறடிக் கடப்பாரையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். மேல்மண் சரசரவென்று வந்தது. கையால் தேய்த்தால் நறநறவென்றிருக்கும், ஒட்டாது. முஷ்டி அளவு, தேங்காய் அளவு என்று கற்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லாமே முனை மழுங்கியவை, ஒன்றிரண்டில் தேய்த்துப் பட்டையான ஒரு முகம். இரண்டடி தாண்டியதும் சத்தம் மாறியது. கடப்பாரை இறங்காமல் ணங்கென்று நின்று, கைக்கு அதிர்வு வந்தது. பெரிய கல் என்று நினைத்து நான்கு பக்கமும் குத்திப் பார்த்தோம். நான்கு பக்கமும் அதே சத்தம்.

“பாறையா மாமா?” என்று கேட்டேன்.

அவர் ஒரு துண்டை நெம்பி எடுத்து, முகர்ந்து பார்த்து, விளிம்பை நகத்தால் கீறினார். “பாறை இல்லம்மா. மண்ணுதான். நம்ம பக்கம் சுக்கான் இருக்கும் பாரு, அது மாதிரி தட்டுது. ஆனா சுக்கான் இல்ல.”

அவர் சொன்னதில் இருந்த நுணுக்கம் எனக்குப் பிறகுதான் முழுதாக விளங்கியது. நம்மூர்ச் சுக்கான் சுண்ணாம்பால் இறுகியது. எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டால் நுரைக்கும். தண்ணீரில் போட்டால் கரையாது. பாக்ஸ்டனின் அடியடுக்கில் அப்படி ஒட்டும் பொருள் எதுவும் இல்லை. அவர் பெயர்த்த துண்டு உள்ளங்கை அகலம், சப்பையாக, ஓடு ஓடாகப் பிளவதற்கு ஏற்ற மெல்லிய கோடுகளோடு இருந்தது. இரண்டு கையாலும் வளைத்தால் வளையாமல் பட்டென்று உடைந்தது. நிறம் ஆலிவ் சாம்பல். அதை ஜன்னலோரம் காயவைத்து, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டேன். வினிகரில் நுரைக்கவில்லை. தண்ணீரில் போட்டதும் சின்னச் சின்னக் குமிழிகள் விட்டு, ஓரங்கள் சரிந்து, கொஞ்ச நேரத்தில் துண்டு என்ற ஒன்றே இல்லை. அடியில் மணலும் நாலைந்து சரளைக் கற்களும், மேலே பால்போலக் கலங்கிய தண்ணீரும். கடப்பாரையை எதிர்த்து நின்றது வெறும் நெருக்கம்தான், சிமென்ட் இல்லை. ‘டென்சிக்’ என்று வகைப்படுத்துவதே இதற்குத்தான். ஒட்டாமல், அடர்த்தியால் மட்டுமே வேரைத் தடுக்கும் அடுக்கு. இதைச் செய்து பார்க்க ஒரு டம்ளர் போதும். பிள்ளைகளோடு செய்யுங்கள்.

இது தெரிந்தால் கடைகளில் வீண் செலவு மிச்சமாகும். தோட்டக்கடையில் ஒருவர் எனக்கு ‘களிமண் இளக்கி’ என்று ஜிப்சம் மூட்டையைக் காட்டினார். ஜிப்சம் வேலை செய்வது சோடியம் ஏறிக் கெட்டுப்போன களிமண்ணில். பாக்ஸ்டனில் களிமண்ணே குறைவு, சோடியப் பிரச்சினையும் கிடையாது. இறுக்கம் ரசாயனத்தால் வராதபோது ரசாயனத்தால் எப்படிப் போகும்? மண்புழு விட்டால் சரியாகிவிடும் என்றும் சிலர் சொல்கிறார்கள். பனியாறு மூடியிருந்த இந்தப் பகுதியில் இன்று பார்க்கும் மண்புழுக்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்து சேர்ந்தவை. அவற்றில் துள்ளும் புழு என்ற ஆசிய வகை காட்டின் இலைமக்கைத் தின்று தீர்த்துவிடுகிறது. தயவுசெய்து புழு வாங்கி விடாதீர்கள்.

இந்த மண்ணின் குணம் முழுதாகத் தெரிவது ஏப்ரலில். பனி உருகும், மழையும் பெய்யும், மரங்கள் இன்னும் இலை விட்டிருக்காது. மேலிருந்து இறங்கிய நீர் இறுகிய அடுக்கின்மேல் தேங்கி, கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் நகரும். தளம் போட்ட மொட்டைமாடியில் மழைநீர் வாட்டத்தைத் தேடி ஓடுவதுபோல. அந்தச் சமயத்தில் மனையின் நடுவில் மண்வெட்டியால் இரண்டடி வெட்டிப் பார்த்தேன். குழியின் அடி இறுகி, கிட்டத்தட்டக் காய்ந்திருந்தது. அதற்கு ஒரு விரற்கடை மேலே, சரிவின் மேற்பக்கச் சுவரிலிருந்து மட்டும் நீர் கசிந்து வந்துகொண்டிருந்தது. எதிர்ச்சுவரில் கசிவே இல்லை. அறிக்கையில் ‘நீர்மட்டம் 18 முதல் 37 அங்குலம்’ என்று இருந்த வரி எனக்கு அந்தக் குழியில்தான் புரிந்தது. அது கிணற்று நீர்மட்டம் கிடையாது. தட்டின்மேல் சில மாதம் நின்றுவிட்டு ஓடிப்போகும் நீர்.

கீழ்க்கோடி மூலை ஏன் வுட்பிரிட்ஜ் என்பதும் இதனால்தான். சரிவில் ஓடிய நீர் அங்கே சேர்கிறது. ஒன்றரை அடியிலேயே மண்ணில் துருநிறப் புள்ளிகளும் சாம்பல் திட்டுகளும் தெரியும். நீர் நின்று காற்றில்லாமல் போன காலத்தின் அடையாளம் அவை. இன்னும் தாழ்ந்த இடத்துக்குப் போனால் ரிட்ஜ்பரி, அதற்கும் கீழே குட்டைபோன்ற இடத்தில் விட்மன். ஒரே பனியாற்றுப் படிவு, மேட்டிலிருந்து பள்ளம் வரை நீருக்கு ஏற்ப நான்கு பெயர். வரைபடத்தில் இந்த நான்கு பெயரும் படிக்கட்டாக வரிசையில் வந்தால் அந்த நிலத்தை நேரில் பார்க்காமலே நீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று சொல்லிவிடலாம். இந்தத் தளத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான்.

எங்கள் பேஸ்மென்டில் சரிவின் மேற்பக்கச் சுவர் வசந்தத்தில் நனையும். அதற்கு வந்து பார்த்த ஒரு ஒப்பந்தக்காரர் கீழ்ப்பக்கம் ஆழமாகக் குழி வெட்டிச் சரளை நிரப்பலாம், நீர் அதில் இறங்கிவிடும் என்றார். எங்கே இறங்கும்? அடியில் மணிக்கு மூன்றரை மில்லிமீட்டர்கூடப் போகாத அடுக்கு. குழி நிரம்பி நிற்கும், அவ்வளவுதான். அறிக்கையை அச்செடுத்து வைத்திருந்ததால் மறுத்துவிட்டு வேறொருவரை அழைத்தோம். வீட்டுக்கு மேற்சரிவில், இறுகிய அடுக்கின் தலையைத் தொடும் ஆழத்துக்கு நீளவாக்கில் வாய்க்கால் வெட்டி, துளைக் குழாய் பதித்து, வரும் நீரை வழிமறித்துப் பக்கவாட்டில் கொண்டுபோனார். சுவர் காய்ந்தது.

தோட்டத்துக்கும் அதே கணக்கு. ஆழமாகக் குழி வெட்டி உரம் நிரப்பி மரம் நடுவது இங்கே உதவாது. இறுகிய அடுக்குக்குள் குழி போனால் வசந்தத்தில் அதில் நீர் தேங்கி வேர் அழுகும். அகலமாக, ஆழமில்லாமல் வெட்டி, அடித்தண்டு மண்மட்டத்துக்கு மேலே தெரிய நட வேண்டும். அவுரி நிறத்தில் காய்க்கும் புளூபெர்ரி இந்த மண்ணுக்கே பிறந்த செடி. வேர் மேலாக ஓடும், புளிப்பு மண்ணை விரும்பும். கத்தரி, புடலை, பாகல், அவரை எல்லாவற்றுக்கும் நான் ஓரடி உயரப் பாத்தி கட்டிவிட்டேன். ஜூனில் மண் சீக்கிரம் சூடாகிறது, நீரும் நிற்பதில்லை. சத்துக் குறைபாட்டையும் பி.எச். அளவையும் வெப் சாயில் சர்வேயில் தேடாதீர்கள். அது பொதுவான எண்ணைத்தான் தரும். ஆம்ஹெர்ஸ்டில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் மண் பரிசோதனைக்கூடம் இருக்கிறது. மண் அனுப்பினால் உங்கள் பாத்தியின் எண்ணே வரும்.

இந்த மண்ணைக் குறை சொல்வதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. ஆகஸ்டில் மழை இல்லாதபோது இந்த அடுக்கு மேலே பிடித்து வைத்த ஈரம் புல்லையும் ஆப்பிளையும் காப்பாற்றுகிறது. டிரம்லின் குன்றுகளில் பழத்தோட்டங்கள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கேப் காட் பக்கம் கார்வர் வகைப் பருமணலில் தோட்டம் போடும் நண்பர்கள் காலையில் விட்ட தண்ணீர் மாலையில் காணவில்லை என்கிறார்கள்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காட்டில் மண் வரைபடத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு நடந்தால் இந்த மண் இன்னும் நன்றாகப் புரியும். காட்டுக்குள் எண் மாறுகிறது. 305 என்பது 306 ஆகும். அதே பாக்ஸ்டன்தான், ‘வெரி ஸ்டோனி’ என்ற அடைமொழியோடு. மேற்பரப்பில் 0.1 முதல் 3 சதவீதம் வரை பெருங்கல் கிடக்கும் நிலம் என்று பொருள். 305-ல் கல் குறைவாகப் பிறக்கவில்லை, அங்கே விவசாயிகள் பொறுக்கிவிட்டார்கள். பொறுக்கியதெல்லாம் எல்லையில் இடுப்பளவு கல்சுவராக நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மத்திய மாசசூசெட்ஸின் பெரும்பகுதி மரம் வெட்டிய வயலும் மேய்ச்சலுமாக இருந்தது. பிறகு விவசாயம் போய்க் காடு திரும்பியது. அதனால்தான் ஓக்கும் மேப்பிளும் அடர்ந்த காட்டின் நடுவில் யாருக்கும் பயன்படாத சுவர்கள் ஓடுகின்றன. பொறுக்கித் தீரவும் தீராது. குளிர்காலத்தில் கல்லுக்கு அடியில் நீர் உறைந்து கல்லைத் தூக்கும், உருகும்போது காலியான இடத்தில் பொடிமண் சரிந்துவிடும், கல் பழைய இடத்துக்குத் திரும்பாது. இப்படி வருஷா வருஷம் புதுக்கல் மேலே வருகிறது.

காற்றில் சாய்ந்த மரம் ஒன்று அங்கே கிடக்கிறது. வெண்பைன், நல்ல உயரம். அதன் வேர்ப்பகுதி நிமிர்ந்து நிற்கும் இடத்தில் நான் ரொம்ப நேரம் நின்று பார்த்திருக்கிறேன். ஆளுயரத்துக்கு மேல் அகலமான வட்டம், தடிமன் மட்டும் என் முழங்கால் உயரம்தான். ஆணிவேர் என்று ஒன்றுமே இல்லை. கீழே போன வேர்கள் எல்லாம் ஒரே ஆழத்தில் மடங்கி, பக்கவாட்டில் தட்டையாக ஓடியிருக்கின்றன. சில வேர்களின் அடிப்பக்கம் சப்பையாக அமுங்கியிருக்கிறது. இடையிடையே கற்களை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1938 செப்டம்பரில் வந்த பெரும் புயல் நியூ இங்கிலாந்துக் காடுகளைப் படுக்கவைத்ததை இங்கே இன்றும் பேசுவார்கள். பீட்டர்ஷாம் ஊரில் 1907 முதல் இயங்கும் ஹார்வர்ட் காடு என்ற ஆராய்ச்சி மையம் அந்தப் புயலின் விளைவுகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. புயலுக்கு ஈரமண்ணும் ஆழமில்லாத வேரும் கிடைத்துவிட்டால் நிற்கும் மரம் குறைவு. வீட்டுக் கூரைமேல் கவிழ்ந்து நிற்கும் பெரிய பைன் இருந்தால், உங்கள் மண் எது என்று ஒருமுறை பார்த்துவிட்டு மர நிபுணரைக் கூப்பிடுங்கள்.

சரி, தளத்தின் எல்லைகளுக்கு வருவோம். மாசசூசெட்ஸின் வரைபடங்கள் 1:12,000 முதல் 1:25,000 வரையிலான அளவில் வரைந்தவை. 1:12,000-ல் வரைபடத்தின் ஒரு சென்டிமீட்டர் தரையில் 120 மீட்டர். அரை ஏக்கர் மனை நாலு மில்லிமீட்டர்க் கட்டத்துக்குள் அடங்கிவிடும். திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு துல்லியமாகாது. பெரிதாக்கினால் ‘இந்த அளவில் வரைபடம் செல்லுபடியாகாமல் போகலாம்’ என்று தளமே எச்சரிக்கும். அதைக் கட்டாயம் மதிக்க வேண்டும். கோடு உங்கள் சமையலறை ஜன்னல் வழியாகப் போகிறது என்றால், அந்த ஜன்னலில் மண் மாறுகிறது என்று அர்த்தமில்லை.

இன்னொன்று, 305பி என்று இருந்தால் முழுவதும் பாக்ஸ்டன் என்று நினைக்கக் கூடாது. அறிக்கையின் தலைப்பிலேயே சுமார் 80 சதவீதம் பாக்ஸ்டனும் அதுபோன்றவையும், மீதியில் வுட்பிரிட்ஜ், ரிட்ஜ்பரி, சார்ல்டன் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். சார்ல்டன் முக்கியம். அதே பனியாறு விட்டதுதான், ஆனால் அடியில் அழுத்தாமல் இளகலாக விட்டது. இறுகிய அடுக்கே கிடையாது. உங்கள் மனையில் அது ஒரு திட்டாக இருந்தால் அதிர்ஷ்டம், ஆனால் வரைபடம் அதைக் காட்டாது. மண்வெட்டிதான் காட்டும். நகரத்துக்குள் போனால் இன்னும் சிக்கல். ‘அர்பன் லேண்ட்’, ‘உடார்தென்ட்ஸ்’ என்று எழுதியிருக்கும் இடங்களில் நிலத்தைக் கட்டடமும் சாலையும் மூடிவிட்டன, அல்லது மண்ணை வெட்டியோ கொட்டியோ சமன் செய்துவிட்டார்கள் என்று பொருள். அங்கே இந்த அறிக்கையால் பெரிய பயன் இல்லை. புதுக் குடியிருப்புகளில் புல்டோசர் ஏறிய மனைகளிலும் மேல்மண் கணக்கை நம்ப வேண்டாம். அடியடுக்கு மேலேயே வந்துவிட்டிருக்கும்.

பார்வைக்குப் பழைய காலத்துத் தளம். கணினியில் பார்ப்பது நல்லது, போன் திரைக்கு ஏற்றதில்லை. நான் சொன்ன அறிக்கையில் அளவுகள் அங்குலத்தில். ‘ஷாப்பிங் கார்ட்’ என்ற பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், உங்கள் அறிக்கையை பி.டி.எஃப். ஆகச் சேர்த்துத் தரும் இடம் அது, பணம் கேட்காது. வெளியில் நடக்கும்போது சாயில்வெப் என்ற செயலியைப் பயன்படுத்தலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து மண் ஆய்வகம், இதே தரவை வைத்துச் செய்தது. நிற்கும் இடத்தின் மண் அடுக்குகளைப் படமாகக் காட்டும். காட்டில் நான் பயன்படுத்துவது அதைத்தான்.

நியூ ஹாம்ப்ஷையரிலும் மெய்னிலும் இருப்பவர்களுக்கும் இதே கதைதான், பெயர் மட்டும் வேறு. நியூ ஹாம்ப்ஷையரின் மாநில மண் மார்லோ, மெய்னின் மாநில மண் செசன்குக். இரண்டிலும் அடியில் இதே இறுகிய பனியாற்றுப் படிவு உண்டு. குளிர் கூடுதல், ஊசியிலைக் காடு கூடுதல் என்பதால் மேலே சாம்பல் நிற வெளுத்த அடுக்கும் அதன் கீழே துருச் சிவப்பும் அழகாகத் தெரியும்.

இந்தத் தளம் பெரிய செலவைத் தடுத்தது எங்கள் வீட்டில் இல்லை, எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா வீட்டில். பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத ஊரில், காட்டோரம் காலிமனை ஒன்றைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டிருந்தார்கள். மரம் அடர்ந்த, அழகான சரிவு. “நீ அந்த மண் படம் பார்ப்பியே, இதையும் பாரேன்” என்று அக்கா முகவரியை அனுப்பினார். மேலே 306, கீழே வுட்பிரிட்ஜ், சாலையோரம் ரிட்ஜ்பரி. ‘சாயில் டேட்டா எக்ஸ்ப்ளோரர்’ என்ற தாவலில் கழிவுநீர் உறிஞ்சும் நிலத்துக்கான (தொட்டியிலிருந்து வரும் கழிவுநீரை மண்ணில் இறக்கும் இடம்) தகுதியைத் தட்டினேன். ‘வெரி லிமிடெட்’ என்று சிவப்பாக வந்தது. காரணம் இரண்டு: மேலே நிற்கும் நீர், மெதுவாக இறங்கும் அடுக்கு. கழிவுநீர்த் தொட்டிகளுக்கான மாசசூசெட்ஸின் ‘டைட்டில் 5’ விதிப்படி, மண்ணில் நீர் ஓர் அங்குலம் இறங்க 60 நிமிடத்துக்கு மேல் எடுத்தால் அங்கே புது வீட்டுக்கு உறிஞ்சும் படுகை அமைக்க முடியாது. உறிஞ்சும் படுகைக்கும் பருவகால உச்ச நீர்மட்டத்துக்கும் நடுவே குறைந்தது நாலடி வேண்டும். நீர் வேகமாக இறங்கும் மண்ணானால் ஐந்தடி. இரண்டடியில் நீர் நிற்கும் மண்ணில் அந்த நாலடி எங்கிருந்து வரும்? மண்ணை வெளியிலிருந்து கொண்டுவந்து மேடு கட்டித்தான் படுகை அமைக்க வேண்டும். அந்தச் செலவு மனை விலையோடு சேரும்.

அறிக்கையின் ‘வெரி லிமிடெட்’ என்பது மனையை வாங்காதே என்று சொல்வதில்லை. அங்கீகாரம் பெற்ற மண் மதிப்பீட்டாளர் குழி வெட்டிப் பார்த்துச் சொல்வதே முடிவு. அதனால் ஒப்பந்தத்தில் மண் பரிசோதனை தேறினால்தான் வாங்குவோம் என்று ஒரு நிபந்தனை சேர்க்கச் சொன்னேன். அவர்களும் சேர்த்தார்கள். மதிப்பீட்டாளர் வந்த அன்று அக்கா என் பி.டி.எஃப்.-ஐ அவரிடம் கொடுத்தார். அவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, விற்பவர் காட்டிய இடத்தை விட்டு, சரிவின் மேற்கோடியில் சார்ல்டன் திட்டு ஏதும் கிடைக்குமா என்று அங்கேயும் ஒரு குழி கேட்டார். அங்கே எட்டடி வரை கடப்பாரைச் சத்தம் மாறவில்லை. வீட்டின் வரைபடத்தை அந்தப் பக்கமாகத் தள்ளிப் போட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.